கண்ணின் வெள்ளை

பிப்ரவரி 7

என் அக்காவுக்கு,

எப்படி இருக்கிறாய்? விடுதிச் சாப்பாடு இன்னும் அதே கதைதானா? இங்கே நாங்கள் மூவரும் சுகம். மூவரும்! எழுதிவிட்டு நானே ஒருமுறை படித்துப் பார்த்துக்கொண்டேன்.

பெண் குழந்தை. நீ பெரியம்மா ஆகிவிட்டாய். பிறந்து நாலு நாள் ஆகிறது, முந்தாநாள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டோம். அவர் அதற்குள் வேலைக்குப் போய்விட்டார். ஏதோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நின்று உள்ளே ஆள் மாட்டிக்கொண்டானாம். லிஃப்ட் மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டால் இப்படித்தான், பெற்ற பிள்ளையைவிட மாட்டிக்கொண்டவன்தான் முக்கியம். ஒரு கையில் பாப்பா, மறுகையால் எழுதுகிறேன். கோழிக் கிறுக்கலாக இருந்தால் சிரிக்காதே.

அக்கா, நிறத்தைப் பார்க்க வேண்டுமே! தங்கத்தை உருக்கி ஊற்றின மாதிரி இருக்கிறாள். எதிர்வீட்டு டீச்சர் வந்து பார்த்துவிட்டு, "உங்க வீட்டுப் பிள்ளைதானா இது? யாரோடதையாவது மாத்தித் தூக்கிட்டு வந்துட்டியா?" என்று கேட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நம் வீட்டுக் கறுப்பு இவளோடு ஒழிந்தது. உனக்கு நடந்த எதுவும் இவளுக்கு நடக்காது. பெண் பார்க்க வந்துவிட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு போக எவருக்கும் வழியே இல்லை.

அழுகை என்றால் என்னவென்றே அவளுக்குத் தெரியாது. பூனைக்குட்டி மாதிரி எந்நேரமும் தூக்கம். பாலுக்குக்கூட நான்தான் எழுப்ப வேண்டியிருக்கிறது. வார்டில் ஒரு நர்ஸ் இருந்தார், விசில் என்றுதான் நாங்கள் எல்லோரும் சொல்வோம், அப்படி ஒரு குரல். கிளம்பும்போது வாசல் வரை வந்து, ரெண்டு நாள் கழித்துக் கொண்டுவா, ரத்தம் எடுத்துப் பார்க்கணும் என்று கத்தினார். எல்லோருக்கும் ஒப்பிக்கிற பாடம்தான். இந்தப் பிஞ்சுக் குதிகாலில் ஊசி குத்தக் கொண்டுபோக எனக்கு மனசு வரவில்லை.

நீ லீவு கேட்டு வா. பாப்பா காத்திருக்கிறாள்.

உன் சின்னு


பிப்ரவரி 11

அன்புள்ள சின்னு,

தாயும் சேயும் நன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் எந்நேரமும் நினைப்பு. நான் நன்றாக இருக்கிறேன். சாப்பாடும் அதே கதைதான், கேட்டு வயிற்றெரிச்சலைக் கிளப்பாதே.

கடிதம் மத்தியானம் கிடைத்தது. ஓட்டல் சலவைக்கூடத்தில் நானும் ரேடியோவும் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தோம். ரேடியோ என்பது என் ஜோடி. ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்து மடிப்போம், அவள் வாய் மூடி நான் பார்த்ததில்லை. பெரியம்மா ஆகிவிட்டேன் என்றதும் எங்கள் வரிசையில் வேலை செய்கிற எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாள். குழந்தை யாரைப் போல என்று கேட்டாள். கை கால் எல்லாம் சரியாக இருக்கிறதாம் என்று சொன்னேன்.

ஓட்டலில் கழித்துவிட்ட விரிப்புகளை வெட்டி, ஓரம் தைத்து, துணிகள் அனுப்பியிருக்கிறேன். பலமுறை துவைத்து மெத்தென்று இருக்கும், குழந்தைக்கு உறுத்தாது.

இப்போது லீவு இல்லை. ஓட்டலில் எல்லா அறையும் நிரம்பி வழிகிறது. கிடைத்ததும் வருவேன்.

சின்னு, பசித்தால் குழந்தை அழும்தானே? பாலுக்கு எழுப்ப வேண்டியிருக்கிறது என்கிறாய். எனக்கு இதெல்லாம் தெரியாது, பெற்றவள் நீ. இருந்தாலும் அந்த நர்ஸ் சொன்னபடி ஒரு எட்டு போய்க் காட்டிவிட்டு வந்துவிடேன்.

பாப்பாவின் பாதத்துக்கு ஒரு முத்தம்.

அக்கா


பிப்ரவரி 12

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதுகிறேன். நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எங்கள் நிலைமை சரியில்லை. பயப்படாமல் முழுவதும் படியுங்கள்.

குழந்தையை மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். நான் வேலை முடிந்து வந்தபோது ஒரு சத்தம் கேட்டது. குழந்தை அழுவது போலவே இல்லை, எண்ணெய் போடாத கப்பி சுற்றுவது போலக் கிறீச்சென்று இருந்தது. உடம்பு பின்பக்கமாக வில்லாக வளைந்திருந்தது. தூக்கிக்கொண்டு ஓடினோம். மஞ்சள் காமாலை. தாய், பிள்ளை இரண்டு பேரின் ரத்த வகையும் ஒத்துப்போகாததால் சீக்கிரம் ஏறிவிட்டது என்றார் டாக்டர். ரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, வேறு ரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். என் உள்ளங்கை அளவுதான் அக்கா அவள் நெஞ்சு.

இப்போது நீல விளக்கின் கீழே போட்டிருக்கிறார்கள். உயிருக்குப் பயமில்லை என்கிறார்கள். மூளைக்கோ காதுக்கோ ஏதாவது ஆகியிருக்குமா என்று கேட்டால், வளர வளரத்தான் தெரியும் என்கிறார்கள்.

முன்னாடியே கொண்டுவந்திருந்தால் விளக்கோடு போயிருக்குமாம். யார் எங்களிடம் சொன்னார்கள்? "வீட்டுக்கு அனுப்பும்போது அந்த நர்ஸ் ஒண்ணும் சொல்லலே, இல்லே?" என்று உங்கள் தங்கையைக் கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். எங்கள் வேலையில் லிஃப்ட் விழுந்தால், கடைசியாகப் பார்த்துவிட்டுப் போனவன் யார் என்பதுதான் முதல் கேள்வி. ஆஸ்பத்திரி மேலதிகாரியிடம் அந்த நர்ஸ்மேல் புகார் எழுதிக் கொடுத்துவிட்டேன். விடப்போவதில்லை.

அவள் சாப்பிடுவதில்லை, யாரிடமும் பேசுவதில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்றுகொண்டே இருக்கிறாள். நீங்கள் எழுதினால் தெம்பாக இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்


பிப்ரவரி 18

சின்னு,

பாப்பா தேறிவர வேண்டும், நீ சாப்பிட வேண்டும். இந்த இரண்டைத் தவிர வேறு நினைப்பு எனக்கு இல்லை.

உன் வீட்டுக்காரர் எழுதியிருந்தார். லீவு கேட்டேன். "உங்க தங்கச்சி பிள்ளைதானே?" என்று மறுத்துவிட்டார் மேலாளர். நேற்று ஒரு தலையணை உறையில் சட்டைப் பொத்தானைத் தைத்துவிட்டேன். ரேடியோ இரண்டு நாளாக என்னோடு சேர்ந்து வாயை மூடிக்கொண்டிருக்கிறாள், அதுவே பெரிய விஷயம்.

நர்ஸ் ஒன்றும் சொல்லவில்லை என்று அவர் எழுதியிருக்கிறார். அதைப் பற்றி இப்போது நான் எதுவும் கேட்கவில்லை.

நீ சாப்பிடு. நீ சாப்பிட்டால்தான் அவளுக்குப் பால்.

அக்கா


மார்ச் 5

அக்காவுக்கு,

நீ சுகம்தானே? நாங்கள் வீட்டுக்கு வந்துவிட்டோம். பாப்பா பால் குடிக்கிறாள். பசித்தால் அழுகிறாள். அவள் அழுதால் அவர் எழுந்து உட்கார்ந்து சிரிக்கிறார்.

நீ அனுப்பிய துணிகள் ஆஸ்பத்திரியில்தான் கைக்குக் கிடைத்தன. அங்கே துணியே வேண்டியிருக்கவில்லை. உடம்பெல்லாம் வெளிச்சம் பட வேண்டும் என்று ஓர் அரைத்துணியோடு கண்ணாடிப் பெட்டியில் போட்டிருந்தார்கள். கண்ணில் வெளிச்சம் படக்கூடாதென்று வெள்ளைப் பட்டை. அந்த நீல வெளிச்சத்தில் அவள் என்ன நிறம் என்றே தெரியவில்லை. என் கையை உள்ளே நீட்டினால் என் கையும் நீலம். தொடலாம் என்றார்கள். நான்தான் தொடாமல் நின்றேன். பக்கத்துப் பெட்டிக் குழந்தையின் அம்மா சதா பேசிக்கொண்டே தடவிக்கொடுப்பாள். "பேசும்மா, உன் குரல் அதுக்குத் தெரியும்," என்று என்னிடம் சொன்னாள். எனக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை.

இப்போது பாப்பாவின் நிறம் மாறிவிட்டது.

வீட்டுக்கு வருகிற அன்று விசிலைப் பார்த்தேன். வார்டிலிருந்து எடுத்துவிட்டார்களாம். விசாரணை முடிகிற வரை கீழே துணிகள் அடுக்கும் அறையில் வேலை. கை நிறையப் போர்வைகளோடு நடையில் வந்துகொண்டிருந்தார். நான் தூணுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை.

வெயில் ஆரம்பித்துவிட்டது. உடம்பைப் பார்த்துக்கொள்.

சின்னு


மார்ச் 14

அன்புள்ள சின்னு,

பாப்பா அழுகிறாள் என்று படித்து நான் சிரித்தேன். இப்படி ஒரு சேதிக்குச் சிரிக்கிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இங்கே எனக்குக் குறை ஒன்றுமில்லை. நீராவியில் கை கொஞ்சம் சிவந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இரண்டு நாளாக எழுதுவதா வேண்டாமா என்று யோசித்துவிட்டு எழுதுகிறேன். ரத்தம் எடுத்துப் பார்க்க வரச் சொன்னார் என்று நீயே எனக்கு எழுதியிருந்தாய். வாசல் வரை வந்து சொன்னார் என்று எழுதியிருந்தாய். உன் வீட்டுக்காரரிடம் ஏன் இல்லை என்று தலையாட்டினாய்?

கோபத்தில் கேட்கவில்லை. துணி அடுக்கும் அறையில் நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், அதனால் கேட்கிறேன்.

அக்கா


ஏப்ரல் 9

சின்னு,

நலம்தானே நீங்கள்? உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. நான் கேட்டதற்குப் பதில் எழுத வேண்டாம். பாப்பா எப்படி இருக்கிறாள் என்று மட்டும் ஒரு வரி எழுதிப் போடு.

அக்கா


ஏப்ரல் 17

அக்காவுக்கு,

பாப்பா நன்றாக இருக்கிறாள். முகம் பார்த்துச் சிரிக்கிறாள். உனக்கு நலம் விசாரித்து எழுதக்கூட எனக்கு முகமில்லை.

ஆமாம், சொன்னார். வார்டில் ஒரு தடவை, வாசலில் ஒரு தடவை. "உன் ரத்தம் வேற, பிள்ளை ரத்தம் வேற. மஞ்சள் ஏற வாய்ப்பிருக்கு. கண்ணோட வெள்ளையைப் பாரு. தூங்கிட்டே இருந்தா சமத்துன்னு நினைச்சுக்காதே," என்றார். ஒவ்வொரு வார்த்தையும் இப்போதும் காதில் கேட்கிறது. என் வீட்டுக்காரர் அப்போது மருந்து வாங்கப் போயிருந்தார். அவர் காதில் விழவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. உனக்கு முதல் கடிதம் எழுதிய அன்று காலையில் பாப்பாவை ஜன்னல் பக்கம் தூக்கிக்கொண்டு போனேன். கண்ணைத் திறந்தாள். வெள்ளையாக இருக்க வேண்டிய இடம் மஞ்சளாக இருந்தது. பார்த்தேன் அக்கா. பார்க்கவில்லை என்று என்னால் சொல்ல முடியாது. நான் திரையை இழுத்து மூடினேன். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து, தங்கத்தை உருக்கி ஊற்றின மாதிரி என்று உனக்கு எழுதினேன்.

கொண்டுபோனால் நோய் என்பார்கள், மருந்து கொடுப்பார்கள், நிறம் போய்விடும். இன்னும் இரண்டு நாள் இப்படியே இருக்கட்டும் என்று நினைத்தேன். டீச்சர் தன் தங்கையையும் கூட்டிவந்து காட்டுவதாகச் சொல்லியிருந்தாள். அவர்களும் பார்த்துவிடட்டும் என்று நினைத்தேன். இதற்காகத்தான். எழுதிப் பார்க்கும்போது எவ்வளவு சின்னதாக இருக்கிறது.

அவர் கேட்டபோது, "சொல்லலே, இல்லே?" என்றுதான் கேட்டார். தலையை ஆட்டினால் போதும் என்கிற மாதிரி கேட்டார். ஆட்டிவிட்டேன். மறுநாள் சொல்லலாம் என்றிருந்தேன். அதற்குள் எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, "உன் பிள்ளைக்கு நான் நியாயம் வாங்கித் தர்றேன்," என்றார். அதற்கப்புறம் எப்படிச் சொல்வது?

மே மாதம் முதல் வாரத்தில் விசாரணை. விசிலுக்கு வேலை போய்விடும் என்று பேசிக்கொள்கிறார்கள். நானும் வந்து சொல்ல வேண்டுமாம். எனக்குக் காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துவிடலாமா என்று பார்க்கிறேன்.

முதல் கடிதத்தில் உன்னைப் பற்றி நான் எழுதியது நினைவிருக்கிறது. அதைப் பற்றி எழுத இரண்டு தாள் கிழித்துப் போட்டேன்.

சின்னு


ஏப்ரல் 23

சின்னு,

பாப்பா சிரிக்கிறாள் என்ற செய்தி போதும் எனக்கு, ஒரு மாதத்துக்கு ஓடும்.

உன் முதல் கடிதம் வந்த அன்று அதை ரேடியோவுக்குச் சத்தமாகப் படித்துக்காட்டிக்கொண்டிருந்தேன். நம் வீட்டுக் கறுப்பு என்ற வரி வந்ததும் நிறுத்திவிட்டேன். "ஏன் நிறுத்திட்டே?" என்றாள். "கையெழுத்து புரியலே" என்றேன். அவள் எட்டிப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்திருக்கும். விரிப்பின் மறுமுனையை எடுத்துக்கொண்டாள்.

அது எனக்கு எப்படி இருந்தது என்று நீ வந்து என் எதிரே உட்கார்ந்து கேட்கும்போது சொல்கிறேன். உன்னை மன்னித்துவிட்டேன் என்று இப்போது எழுத வரவில்லை. ஆனால் நான் எங்கும் போய்விட மாட்டேன். எனக்கு முன்னால் அந்த நர்ஸ் நிற்கிறார். முதலில் அவர்.

காய்ச்சல் என்று படுக்காதே. நான் உன் வீட்டுக்காரருக்கு எழுத மாட்டேன். நீயே சொல். அவர் கத்தினால் கத்தட்டும். பிள்ளை செத்துப் பிழைத்ததைப் பார்த்தவள் நீ, கத்தலுக்கா பயப்படுவாய்?

அக்கா


மே 8

அக்கா,

நீ சுகமாக இரு. சொல்லிவிட்டேன்.

விசாரணைக்கு முதல்நாள் சாயங்காலம் அவர் வேலையிலிருந்து வந்து தொட்டியில் கை கழுவிக்கொண்டிருந்தார். கிரீஸ் போக நாரை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். முதுகு எனக்குத் தெரியும்படி நிற்கும்போதே சொல்லிவிட வேண்டும் என்று ஆரம்பித்தேன்.

"அந்த நர்ஸ் சொன்னாங்க. ரெண்டு தடவை சொன்னாங்க. நான்தான் கொண்டுபோகலே."

தேய்ப்பது நின்றது. குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.

"மறந்துட்டியா?" என்றார். இப்போதும் எனக்கு ஒரு வழி விட்டுத்தான் கேட்டார், அக்கா.

"இல்லே. கண்ணு மஞ்சளா இருந்ததையும் பார்த்தேன். நிறம் நல்லா இருக்குன்னு விட்டுட்டேன்."

திரும்பி என்னைப் பார்த்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அப்போ எதுக்குத் தலையாட்டினே?" என்று மட்டும் கேட்டார். கையைத் துடைக்காமல் வெளியே போய்ப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் மூன்று பேரும் போனோம். வழியில் பாப்பாவை அவரே வைத்துக்கொண்டார், என்னிடம் கொடுக்கவில்லை. மேலதிகாரியின் அறையில் மேசைக்கு ஒருபக்கம் விசில். வெறும் வெள்ளை உடுப்பு, பெயர் அட்டை குத்தும் இடத்தில் இரண்டு துளை மட்டும் இருந்தன. "நீங்க சொன்னீங்களா, இல்லையா?" என்று அவரைக் கேட்டார்கள். "எல்லாருக்கும் சொல்வேன். இவங்களுக்கும் சொன்னதாத்தான் நினைப்பு," என்றார். எங்கள் வார்டையே எழுப்பின குரல் மேசைக்கு இந்தப் பக்கம் சரியாகக் கேட்கவில்லை.

நான் எழுந்து நின்றேன். வீட்டில் சொன்னதைவிட அங்கே சொல்வது சுலபமாக இருந்தது. கண்ணைப் பார்த்தது, திரையை மூடியது, தலையாட்டியது எல்லாம் சொன்னேன். "இதை அப்பவே சொல்றதுக்கென்னம்மா?" என்றார் மேலதிகாரி. என் வீட்டுக்காரர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து, "புகாரைத் திருப்பி வாங்கிக்கிறேன் சார். தப்பு எங்களோடது," என்றார். எங்களோடது என்றார், அக்கா.

வெளியே நடையில் விசிலின் பின்னால் ஓடினேன். "சிஸ்டர்" என்று கூப்பிட்டதும் நின்றார். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் அதைக் கேட்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "நிஜமா சொன்னேனா? வாசல்ல நின்னு சொன்னேனா?" என்று கேட்டார்.

"சொன்னீங்க. ரத்தம் வேறன்னு சொன்னீங்க. தூங்கினா சமத்துன்னு நினைக்காதேன்னு சொன்னீங்க."

"எனக்கே சந்தேகம் வந்துடுச்சும்மா," என்றார். "அன்னைக்குக் கூட்டம் ஜாஸ்தி. இந்தப் பிள்ளைக்கு மட்டும் விட்டுட்டேனோன்னு தினமும் அந்த நாளை யோசிச்சு யோசிச்சுப் பார்ப்பேன். எந்தக் குழந்தை அழுதாலும் பயமா இருந்தது. வீட்ல யார்கிட்டயும் சொல்லலே." பிறகு என் கையை விட்டுவிட்டார். படியிறங்கிப் போய்விட்டார். திட்டவும் இல்லை, பரவாயில்லை என்று சொல்லவும் இல்லை.

அவரை வார்டுக்குத் திரும்ப எடுத்துக்கொள்வார்களாம். அடுத்த மாதம் பாப்பாவுக்குக் காது பரிசோதனை.

சின்னு


ஜூன் 21

அன்புள்ள அக்காவுக்கு,

உனக்கு லீவு கிடைத்துவிட்டது என்ற கடிதம் நேற்று வந்தது. பத்திரமாகக் கிளம்பி வா. ரேடியோவுக்கு என் அன்பைச் சொல். அவள் அந்த வரியைப் படித்தாள் என்பதை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

பரிசோதனை முடிந்தது. பாப்பாவைத் தூங்கவைத்து, தலையில் கம்பிகள் ஒட்டி, காதுக்குள் சத்தம் அனுப்பிப் பார்த்தார்கள். வலது காது நன்றாகக் கேட்கிறது. இடது காது கேட்கவில்லை. நரம்பு கெட்டுவிட்டது, மஞ்சள் ஏறியதால்தான் என்றார் டாக்டர். ஒரு காது போதும், பேச்சு வரும், படிப்பாள், கவலைப்படாதீர்கள் என்றார். கை கால், கழுத்து எல்லாம் சரியாக இருக்கிறது. சில மாதம் கழித்து மறுபடியும் பார்ப்பார்கள். நாங்கள் வெளியே வந்தபோது விசில் அடுத்த குழந்தையின் அம்மாவிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். பழைய சத்தம். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார்.

அவர் என்னோடு பேசுகிறார். முன்னைப்போல் இல்லை, வேண்டியதைப் பேசுகிறார். பாப்பாவை எந்தப் பக்கம் படுக்கவைத்தால் நம் குரல் கேட்கும் என்று பார்த்து அவர்தான் கட்டிலைத் திருப்பிப் போட்டார்.

எதிர்வீட்டு டீச்சர் வந்திருந்தாள். "என்னடி, பிள்ளை இப்படிக் கறுத்துட்டா? அப்போ எப்படி இருந்தா!" என்றாள். அது நிறமில்லை, நோய் என்று சொன்னேன். பார்த்தும் சும்மா இருந்தேன், அதில் ஒரு காது போய்விட்டது என்றும் சொன்னேன். சொல்லும்போது உடம்பெல்லாம் கூசியது. இனி யார் கேட்டாலும் இதைத்தான் சொல்ல வேண்டும். பாப்பா ஒருநாள் கேட்பாள், அவளுக்கும்.

இவளுக்கு உன் நிறம்தான் அக்கா, அப்படியே. குளிப்பாட்டித் துடைக்கும்போது பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அழகாக இருக்கிறது என்று உனக்கு எழுதுவதற்கு எனக்கு என்ன அருகதை? வந்து நீயே பார்.

நீ சொன்னபடி உன் எதிரே உட்கார்ந்து கேட்பேன். நீ எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் பாப்பாவிடம் பேசு. அவளுக்கு வலப்பக்கமாக உட்கார்.

உன் சின்னு